அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் நடக்க வேண்டிய உரையாடல்

ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்ட வேண்டுமென்றால், நான் முதலில் அழைத்துச் செல்லும் இடம் தெலுக் ஆயர் ஸ்திரீட். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா அங்கே இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, கடல் தெய்வமான மாசூவுக்கு ஹொக்கியன் சீனர்கள் எழுப்பிய தியான் ஹொக் கெங் ஆலயமும், நம்மவர்கள் குச்சுப் பள்ளி என்று அழைத்த அல்-அப்ரார் பள்ளிவாசலும், சீன மெதடிஸ்ட் தேவாலயமும் நிற்கின்றன. கடல் தூர்க்கப்படுவதற்கு முன் அந்தத் தெரு கடற்கரையாக இருந்தது. பாய்மரக் கப்பலில் உயிர் பிழைத்து வந்து சேர்ந்தவர்கள், கரையேறிய இடத்திலேயே அவரவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள்.

இந்தத் தெருவைச் சமய நல்லிணக்கத்தின் சின்னமாகக் காட்டுவது வழக்கம். அந்தக் கட்டடங்களை நேசிப்பவன் என்றாலும், என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. சீனர்களுக்கு ஒரு பகுதி, மலாய்க்காரர்களுக்கும் அரபிகளுக்கும் கம்போங் கிளாம், சூலியாக்களுக்கு வேறொரு கம்போங் (கிராமம்) என்று 1822ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே காலனி அரசு மக்களைப் பிரித்து வைத்தது. வழிபாட்டிடங்கள் அருகருகே எழுந்ததால் வழிபட வந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசினார்கள் என்று ஆகிவிடாது.

பேச வேண்டும் என்ற எண்ணம் இங்கே மிக முன்னதாகவே தோன்றியது. சமயங்களுக்கு இடையிலான அமைப்பு 1949இல் தொடங்கப்பட்டது; இன்று அதில் பத்துச் சமயங்கள் இடம்பெற்றிருக்கின்றன. ஆயினும் அது தொடங்கிய அடுத்த ஆண்டே, டிசம்பர் 1950இல், மரியா ஹெர்டோ வழக்கையொட்டிக் கலவரம் வெடித்தது. முஸ்லிம் தாயிடம் வளர்ந்த ஒரு சிறுமியை அவளைப் பெற்ற கத்தோலிக்கக் குடும்பத்திடம் ஒப்படைக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் கன்னிமாடத்தில் இருக்கும் படங்களை நாளிதழ்கள் வெளியிட்டன. 18 பேர் இறந்தார்கள். பின்னர் 1964ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட மலாய்-சீனக் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள். செப்டம்பரில் மறுபடியும் 13 பேர். சமயத் தலைவர்கள் ஒரே மேசையில் அமர்வது அவசியம்தான். ஆனால் வதந்தி பரவும் இரவில் தெருவில் நிற்பவர்கள் அவர்களல்லர். 1964 கலவரத்துக்குப் பிறகு வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்: பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரிந்த பெரியவர் ஒருவர், வெளியே வந்து நின்று பேச வேண்டியிருந்தது.

அதன் பிறகு அரசு சட்டங்களையும் விதிகளையும் கொண்டு நல்லிணக்கத்தைக் கட்டியது. அவற்றுள் என் அன்றாட வாழ்வை அதிகம் தொட்டது 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் (அடுக்குமாடிக் கட்டடத்திலும்) ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்பதற்கு அது வரம்பு விதிக்கிறது. மக்களில் பெரும்பாலோர் வீவக வீடுகளில் வசிக்கும் நாட்டில், ஓர் இனத்துக்கென்று தனிக் குடியிருப்பு உருவாகாமல் இது தடுத்திருக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. அதைச் சிறுபான்மையினரே அதிகம் கொடுக்கிறார்கள். இந்தியரும் பிறரும் சேர்ந்த பிரிவுக்கு ஒரு புளோக்கில் 15 விழுக்காடு என்பது வரம்பு. அது நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கோ மலாய்க்காரருக்கோ விற்கத் தடையில்லை. ஆனால் புதிதாக வர விரும்பும் இந்தியர், அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே அங்கே வீடு வாங்க முடியும். மற்ற புளோக்குகளில் சீனர் வரம்பு நிரம்பியிருந்தால், இந்தியரின் வீட்டைச் சீனர் வாங்க முடியாது. வாங்குவோர் எண்ணிக்கை சுருங்க, விலையைக் குறைக்க வேண்டியதாகிறது. இவ்வாறு சிக்கிக்கொண்டவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. கொள்கை வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அதன் சுமையை யார் தாங்குகிறார்கள் என்பதைப் பெரும்பான்மை நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்வதும் நல்லிணக்கத்தின் ஒரு பகுதியே.

இப்படிக் கலந்து குடியமர்த்தப்பட்ட நாங்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் புளோக்கின் கீழ்த்தளம். சுவர்களற்ற அந்தத் திறந்த வெளியில் ஒரு வாரம் மலாய்த் திருமணம் நடக்கும். பந்தல், கொம்பாங் எனும் மலாய்ப் பறையின் இசை, பெரிய அண்டாக்களில் பிரியாணி. மற்றொரு வாரம் அதே இடத்தில் சீனர் ஒருவரின் உடல் வைக்கப்பட்டு, இரவெல்லாம் மந்திரம் ஓதப்படும். சீனர்கள் இறந்தோரின் ஆவிகளுக்குப் படைக்கும் ஏழாம் மாதத்தில் காகிதப் படையல் எரியும் புகை, துணி காயும் கம்பங்களைத் தாண்டி மேல்மாடிகளுக்கு ஏறும். எங்கள் வீட்டுச் சாம்பிராணியின் வாசனையும் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. இவை ஒவ்வொன்றும் ஒருவருக்கு உயிரினும் மேலானது, மற்றொருவருக்கு இரைச்சலோ புகையோ மட்டுமே. சமயம் என்பது பிறரின் காதிலும் மூக்கிலும் சென்று படும் இந்த இடத்தில்தான் உரையாடல் உண்மையில் தேவைப்படுகிறது.

இந்த உரசல்களில் விட்டுக்கொடுப்பும் இருந்திருக்கிறது, அதன் வலியும் இருக்கிறது. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டு, பாங்கொலி வானொலி வழியாக வீடுகளைச் சென்றடைகிறது. தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு 1970களிலிருந்து தடை இருந்தது. 2016 முதல் குறிப்பிட்ட இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. காவடி எடுப்பவருக்கு மேளம் என்னவாக இருக்கிறது என்பதை என் சீன, மலாய் நண்பர்களுக்கு விளக்க முயன்றபோது, அவர்களுள் எவரும் அதற்குமுன் அதைப் பற்றி எண்ணிப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. அதே உரையாடலில், தொழுகை அழைப்பு தெருவில் கேட்காத ஊரில் வளர்வது எப்படி இருக்கிறது என்று மலாய் நண்பரை நான் முதன்முறையாகக் கேட்டேன். எங்களுடைய இரு குறைகளும் எவ்வளவு நெருக்கமானவை என்பதை அன்று உணர்ந்தோம்.

சமய உரையாடல் நிகழ்ச்சிகள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். அவற்றில் மரியாதை இருக்கிறது, நல்ல உணவு இருக்கிறது, நிழற்படம் இருக்கிறது. கடினமான கேள்வி மட்டும் அரிதாக இருக்கிறது. மதமாற்றம் ஒரு குடும்பத்தைப் பிளக்கும்போது என்ன செய்வது, கோவில் பிரசாதத்தை மறுக்கும் நண்பரின் மனத்தில் என்ன ஓடுகிறது, பள்ளியில் தோழிகளுடன் ஒரே மேசையில் உண்ணத் தயங்கும் பிள்ளைக்கு என்ன சொல்வது போன்றவற்றைக் கேட்டால் யாராவது புண்படுவார்களோ என்று அஞ்சி, எல்லோரும் பண்டிகைகளைப் பற்றியே பேசுகிறோம். கேட்கப்படாத கேள்விகள் மறைந்துவிடுவதில்லை. அவற்றுக்கு இணையத்தில் யாரோ ஒருவர் பதில் சொல்கிறார். 2020 டிசம்பரில் 16 வயது மாணவன் ஒருவன், இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டதற்காக உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டான். இந்திய இனத்தைச் சேர்ந்த அந்தப் புராட்டஸ்டன்ட் இளையன், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 2019இல் நடந்த தாக்குதலின் காணொளியைப் பார்த்துத் தன் அறையிலேயே வெறுப்பைக் கற்றிருந்தான். பல இனத்தவர் நடுவே வளர்ந்த பிள்ளை அவன். அக்கம்பக்கத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்தது மட்டும் அவனைக் காக்கவில்லை என்ற எண்ணம் இன்றும் என்னை உறுத்துகிறது.

பீஷானில் உள்ள அந்நஹ்தா பள்ளிவாசலின் நல்லிணக்க நிலையம் 2006 முதல் பிற சமயத்தவரை வரவேற்று வருகிறது. அத்தகைய இடங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அவர்களுடைய கேள்விகளை ஆசிரியர்கள் முன்கூட்டியே திருத்திக் கொடுக்காமல் இருந்தால் நன்று. வட்டார நல்லிணக்கக் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கூட்டத்தைச் சமூக மன்றத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் நடத்தாமல், ஏதேனும் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகளைப் போட்டு நடத்துங்கள். புகை, ஒலி, திருமணம், இறப்பு, வீட்டு விற்பனை ஆகியவற்றை மட்டும் பேசுபொருளாக வையுங்கள். பேச்சாளர் யாரும் வேண்டாம். அந்த புளோக்கில் குடியிருப்பவர்களே போதும்.