ஒரு மில்லிஜூலோடு நிறுத்தியது

"சராசரி பவர் அதே 20 வாட்தானே சார்? 20 கிலோஹெர்ட்ஸை 10 ஆக்கினால் ஒரு பல்ஸுக்கு 2 மில்லிஜூல் கிடைக்குமே?"

எங்கள் ஃபைபர் லேசரைப் பற்றி இளைய சகா ஒருவர் கேட்டது இது. நொடிக்கு 20,000 பல்ஸ், ஒவ்வொன்றிலும் 1 மில்லிஜூல் என்று அதை நிறுத்தி வைத்திருந்தேன்.

"வேண்டாம்ப்பா, ராமன் வந்துவிடும்" என்றேன். ராமன் சிதறலைச் சொன்னேன்: ஃபைபருக்குள் ஒளி மிகத் தீவிரமானால் அதில் ஒரு பகுதி நீண்ட அலைநீளத்துக்கு மாறிவிடும். அந்த முடிவு சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

அவர் சும்மா கேட்கவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். 100 நானோசெகண்டில் 2 மில்லிஜூல் என்றால் பீக் பவர் 20 கிலோவாட். ஒளி ஓடும் நடுப்பகுதியான கோர் 30 மைக்ரான், லேசர் பெட்டியிலிருந்து ஒளியைக் கொண்டுபோகும் டெலிவரி ஃபைபர் கேபிள் 3 மீட்டர். ராமன் சிதறல் தலைதூக்குவது 24 கிலோவாட் வாக்கில். ஒளி தானே குவிந்து சிலிக்காவை உடைக்க ஏறத்தாழ 4 மெகாவாட் வேண்டும், அந்தப் பேச்சே இல்லை. முனையில் எண்ட்கேப் என்ற கண்ணாடித் துண்டு இருப்பதால் கற்றை விரிந்துதான் வெளியேறுகிறது, முனைக்கும் ஆபத்தில்லை. எல்லாம் சரி.

ஆனால் அந்தக் கணக்கில் பல்ஸ் செவ்வகம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பவர். நிஜத்தில் பல்ஸைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில் தேங்கிய ஆற்றலை முதலில் நுழையும் முன்பகுதி அள்ளிக்கொண்டு போய்விடும், பின்னால் வருவதற்கு மிச்சம்தான். பல்ஸுகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் தேக்கமும் கூடும், முன்பகுதி இன்னும் கூராகும். பல்ஸுக்குள் சராசரி 20 கிலோவாட் என்றாலும் உச்சி 30ஐத் தொடலாம். ராமன் பெருக்கமோ பவரின் அடுக்கில் ஏறுவது. 1064 நானோமீட்டர் ஒளி 1116 பக்கம் சரியும். திரும்பி வரும் ஒளியைத் தடுக்கும் ஐசொலேட்டர் 1064க்காகச் செய்தது, 1116ஐ அதேபோல் தடுக்காது. எதிரில் செம்புத் தகடு இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பினால் ஒரே ஷாட்டில் ஃபைபர் போய்விடலாம்.

இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா சீட் பல்ஸோட முன்பகுதியைத் தாழ்த்தி விடலாமே சார்? கேபிளையும் 2 மீட்டராக்கினால்?" என்றார்.

நல்ல கேள்வி. சீட் பல்ஸ் என்பது ஆம்ப்ளிஃபையருக்குள் போகும் சிறிய தொடக்கப் பல்ஸ். அதைத் தரும் சீட் டயோடின் கரண்டை அப்படி வடிவமைப்பது தெரிந்த வழிதான். நீளம் குறைந்தால் ராமன் தலைதூக்கும் வாசலும் 24லிருந்து 36 கிலோவாட் வரை ஏறும். "மெஷின் நம் கையிலேயே இருக்கப்போவதில்லை" என்றேன். ஆம்ப்ளிஃபையருக்கு ஆற்றல் ஊட்டும் பம்ப் டயோட் வயதானால் கெயின், அதாவது பெருக்கும் அளவு, மாறும், இன்றைக்குச் செதுக்கிய வடிவம் அன்றைக்குப் பொருந்தாது. வாங்கியவர் செம்பில் ஓட்டுவாரா எஃகில் ஓட்டுவாரா என்பதும் நம் கையில் இல்லை. இது இயற்பியலா, என் பயமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பயத்தின் பங்கு எவ்வளவு என்பதுதான் பிடிபடவில்லை. ஓட்டிப் பார்க்கவே இல்லையே! ஃபைபர் உடையாமல் இருந்தது நான் சொன்னதை நிரூபித்துவிடாது.

கேபிளை மட்டுமாவது குறைத்துப் பார்த்திருக்கலாம் என்று சில நாள் தோன்றும். ஆனால் ஒளியை வெளிவிடும் நகரும் தலைக்கு 2 மீட்டர் எட்டாது, தலையை நகர்த்தும் சட்டமான கேன்ட்ரிமேல் லேசர் பெட்டியையே ஏற்ற வேண்டும். ஏற்றினால் அந்த அதிர்வை அது தாங்குமா என்பதை இன்னொருவர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.