இலுப்பை மரத்துச் செம்பிராந்து

05.01.2025, ஞாயிறு

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்துப் பாசையூர்த் துறைக்குப் போனேன். வள்ளங்கள் கரைக்கு வந்து வலை உதறுகிற நேரம். தரை முழுக்கக் காகம், மேலே செம்பிராந்துகள், கருடன் என்று கும்பிடுகிற செம்பருந்துகள். இறங்கி வந்து, காலை நீட்டி, தண்ணீரில் மிதக்கிற கழிவு மீனைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடும். உடம்பு நனைவதில்லை. பறந்துகொண்டே காலில் இருக்கிற மீனை அலகுக்குக் கொடுத்துத் தின்னும்.

கூட வந்த மாணவிகளுக்கு வாலைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். வால் நுனி வட்டமாக இருந்தால் செம்பிராந்து, நடுவில் வெட்டினதுபோல இருந்தால் கரும்பருந்து. நிறத்தை நம்பினால் ஏமாறுவோம். செம்பிராந்தின் முதல் வருடக் குஞ்சு முழுக்க மண்ணிறம், வெள்ளைத் தலையும் செங்காவி முதுகும் பிறகுதான் வரும். கரும்பருந்து இந்தியா முழுக்க மலிந்து கிடந்தாலும் இலங்கையில் வடமேல் கரையிலும் யாழ்ப்பாணத்திலும்தான் ஒழுங்காகக் காணலாம். தெற்கில் அரிது. எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிற பறவையைக் காலியில் படிக்கிற பிள்ளை காணவே மாட்டாது. அதைச் சொன்னதும் ஒருத்தி கொப்பியை எடுத்துப் படம் கீறத் தொடங்கினாள். எனக்குப் பெரிய சந்தோஷம்.

14.01.2025, செவ்வாய், தைப்பொங்கல்

பின்னேரம் வல்வெட்டித்துறைக் கடற்கரை. ஊரே அங்கேதான். கப்பல், பாம்பு, தேர் என்று எத்தனையோ வடிவம் வானத்தில் எழும்பின. எனக்குப் பிடித்தது பழைய பிராந்துப் பட்டம்தான். காற்றில் அது நிற்கிற நிலை, பட்டத்தில் கட்டிய விண் கூவுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தபடியே நின்றேன். பிராந்தை எத்தனை தலைமுறை உற்றுப் பார்த்திருந்தால் அந்தச் செட்டை வளைவை மூங்கிலில் கொண்டுவந்திருப்பார்கள்!

ஒன்றை இங்கே எழுதி வைக்க வேணும். அறுந்த பட்டத்தின் தங்கூசி என்கிற நைலோன் நூல் பனை ஓலையிலும் மின்கம்பியிலும் மாதக்கணக்கில் தொங்கும். நைலோன் உக்காது. செட்டையில் சுற்றினால் பறவை இழுக்க இழுக்க இறுகும். ஏற்றுகிற பெடியள் அறுந்த நூலைச் சுற்றி எடுத்துவந்தால் போதும், வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

26.01.2025, ஞாயிறு

எங்கள் ஊர்க் கோயில் கேணியடியில் நிற்கும் இலுப்பையில் செம்பிராந்துச் சோடி கூடு கட்டுகிறது! இலுப்பை இலை கொட்டத் தொடங்கியதால்தான் கண்ணில் பட்டது. இரண்டும் மாறி மாறிச் சுள்ளி கொண்டுவருகின்றன. ஒன்று கிழிந்த துணித்துண்டு ஒன்றையும் கொண்டுபோய்ச் செருகியது.

அதே மரத்தின் மேற்குக் கொப்பில் ஒரு கரிக்குருவி. பிராந்து வரும்போதெல்லாம் அது பாய்ந்து போய் முதுகில் கொத்துகிறது. தன்னைவிடப் பலமடங்கு பாரமான பறவையைத் துரத்துகிறது, பிராந்தும் விலகிப் போகிறது. 'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது' என்று சொல்வோம். இந்தக் குருவிக்குப் பருந்தாக வேண்டிய தேவையே இல்லை. திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவிக்கு உபதேசித்த படலம் நினைவு வந்தது. மற்றப் பறவைகள் கொத்தித் துன்புறுத்திய எளிய குருவி மதுரைக்கு வந்து வழிபட, சிவபெருமான் மந்திரம் உபதேசித்து அதை 'வலியான்' ஆக்கினார் என்பது கதை. எங்கள் கோயிலில் புராண படனம் நடக்கும்போது அப்பா பொருள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படலத்தைப் பாடியவர் கரிக்குருவி பருந்தைத் துரத்துவதை நேரே கண்டிருக்க வேணும் என்றுதான் நான் நம்புகிறேன்.

11.02.2025, செவ்வாய், தைப்பூசம்

ஒரு பறவை கூட்டை விட்டு அசைவதில்லை. முட்டை இட்டிருக்கிறது. ஒன்றோ இரண்டோ இருக்கும். பொரிக்க 26, 27 நாள் செல்லும்.

பூசை முடிந்து வெளிவீதி சுற்றும்போது பரிபாலன சபைத் தலைவர் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கட பிராந்து செய்யிற வேலையைப் பாத்தீங்களோ? கோயில் வீதியில மச்சம் விழுது."

காட்டினார். மீன்முள்ளு, நண்டுக்கோது, அரைவாசி தின்ற மீன்தலை ஒன்று. வைகாசியில் கும்பாபிஷேகம். யாகசாலை கேணிப் பக்கம்தான் வரப்போகிறது.

"கருடன் எண்டதை நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தக் கொப்பை வெட்டத்தான் வேணும்."

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விரதம் பிடித்து, தோய்ந்து, ஈரவேட்டியோடு பிரதட்டை செய்கிறவர் உருண்டு வருகிற வீதி அது.

02.03.2025, ஞாயிறு

நயினாதீவு. பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான், அங்கிருந்து வள்ளம்.

இந்தக் கடலில்தான் அந்தக் கதை நடக்கிறது. புளியந்தீவிலிருந்து ஒரு நாகம் அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு நீந்தி வருகிறது. கருடன் கண்டு பாய, நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொள்கிறது. கருடன் எதிரே இன்னொரு கல்லில் காத்திருக்கிறது. கடலால் வந்த வணிகர் ஒருவர் இரண்டுக்கும் நடுவே நின்று நாகத்தை விட்டுவிடும்படி மன்றாடுகிறார். உன் செல்வமெல்லாம் கொடுத்து நாகபூசணி அம்மனுக்குக் கோயில் கட்டுவாயானால் விடுகிறேன் என்கிறது கருடன். அவர் ஒத்துக்கொள்கிறார். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் கடலில் இன்றைக்கும் இருக்கின்றன.

சின்ன வயதில் இந்தக் கதை எனக்குப் பாம்பின் கதை. இன்றைக்கு முழுக்க முழுக்கக் கருடனின் கதையாகத் தெரிந்தது. பசித்திருக்கிற பறவை தன் இரையை விட்டுக் கொடுக்கிறது. அதற்கு ஈடாகத் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வெண்வயிற்றுக் கடற்கழுகு ஒன்றைக் கண்டேன். விரித்த செட்டை இரண்டு மீற்றர் இருக்கும், வால் ஆப்பு வடிவம், கீழிருந்து பார்த்தால் வெள்ளையும் சாம்பலும். பெரும்பாலும் மீன் பிடிக்கும் என்றாலும் கடற்பாம்பு அதற்கு நன்றாகப் பழகிய இரை. கடற்பாம்புக்குச் செவுள் இல்லை, மூச்செடுக்க மேலே வந்தே தீர வேணும். கழுகு காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஆக, நாகமும் கருடனும் இந்த நீரிணையில் ஒவ்வொரு நாளும் சந்திக்கின்றன. கதை சொன்ன முன்னோர் இந்தக் கடலை நன்றாகத் தெரிந்தவர்கள். வள்ளத்தில் பக்கத்தில் இருந்த அக்கா "கருடன்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். செம்பிராந்துதான் கருடன் என்று பறவை நூல் சொல்லும், ஆனால் அந்த இடத்தில் அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. நானும் கும்பிட்டேன்.

விராலடிப்பான் ஒன்றையும் புங்குடுதீவுப் பக்கம் கண்டேன். வடக்கிலிருந்து பனிக்காலத்துக்கு வருகிற விருந்தாளி. இது செம்பிராந்து மாதிரி நீரின் மேலால் பொறுக்கி எடுக்காது. காலை முன்னே நீட்டிக்கொண்டு தொப்பென்று நீரில் விழும். வெளிவிரலைப் பின்னுக்குத் திருப்ப முடியும். உள்ளங்காலில் சின்னச் சின்ன முட்கள். வழுக்குகிற மீன் தப்பாது.

09.03.2025, ஞாயிறு

கூட்டில் தாய் குனிந்து குனிந்து எதையோ ஊட்டுகிறது. பொரித்துவிட்டது.

வகுப்பில் ஒரு பிள்ளை, சடாயு எந்தப் பறவை என்று கேட்டது. கழுகரசன் என்றால் பிணந்தின்னிக் கழுகை நினைப்பதுதான் பொருத்தம். ஆனால் இலங்கையில் அந்த இனம் எதுவும் குடியிருப்பதில்லை. சீதையை மீட்கப் போராடிய சடாயுவின் சொந்தம் எங்கள் வானத்தில் இல்லை. இந்தியாவிலோ 1990களில் தொடங்கி வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துபோயின. காரணம் டைகுளோபினாக் என்ற வலி மருந்து. மாட்டுக்குப் போட்டார்கள், செத்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் பழுதாகிச் செத்தது. 2006இல் மாட்டு வைத்தியத்தில் அதைத் தடை செய்தார்கள். இராவணனின் வாளுக்குப் பிறகு சடாயு குலத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய அழிவு இது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

16.03.2025, ஞாயிறு

சுண்டிக்குளம் போகிற வழியில் பளை. காற்றாலைகள் சுழல்கின்றன. இந்த மின்சாரம் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். ஆனால் இரையைத் தேடித் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பறக்கிற பறவைக்கு முன்னால் சுழல்கிற தகடு தெரியாமல் போகலாம். நோர்வேயில் ஸ்மோலா என்ற தீவில் காற்றாலைகளில் அடிபட்டுக் கடற்கழுகுகள் செத்தன. அங்கே நான்கு காற்றாலைகளில் மூன்று தகடுகளில் ஒன்றுக்கு மட்டும் கறுப்பு மை பூசினார்கள். பறவைச் சாவு 70 வீதமளவில் குறைந்தது என்று 2020இல் ஆய்வு வெளிவந்தது. ஒரு தகடு, ஒரு நிறம். தீவுப் பகுதிகளுக்கும் காற்றாலை வரப்போகிற இந்த நேரத்தில் எங்கள் பொறியியலாளர்கள் இதை யோசிக்க வேணும், கம்பம் நட்ட பிறகு இல்லை, முன்பே.

சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவானது. பூநாரைகளைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. நான் பார்த்தது பூனைப்பருந்தை. புல்வெளிக்கு மேலே மிகத் தாழ்வாக, செட்டையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்ந்து போயிற்று. இன்னும் சில கிழமையில் வடக்கே போய்விடும்.

23.03.2025, ஞாயிறு

சபைக் கூட்டம். கொப்பு வெட்டுகிற விடயம் வந்தது. எழும்பிப் பேசினேன். காட்டுப் பறவைகளுக்கும் கூடுகளுக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது என்று தொடங்கினேன். ஒருவரும் அசையவில்லை. பிறகு, கும்பாபிஷேகத்தன்று குடமுழுக்குக்கு எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறது எதை என்று கேட்டேன். வெயில் ஏற நிலம் சூடாகி, சூட்டுக் காற்று மேலெழும். அதில் செட்டையை அடிக்காமலே பிராந்து வட்டமிட்டு உயரும். விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்கு அது தெரியும். தெரிந்தும், கலசத்தில் தண்ணீர் விழும்போது கருடன் மேலே வந்தால் என் கை தானாகக் கூப்பும். இரண்டும் எனக்கு உண்மைதான். அந்தக் கருடன் இந்த ஊரில் இருக்க வேணும் என்றால் அதற்குக் குந்த ஒரு கொப்பு வேணும், குஞ்சு வளர்க்க ஒரு கூடு வேணும், தின்ன மீன் வேணும். அது மீன் தின்னிப் பறவை, சைவமாக்க ஏலாது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒரு ஐயா, "மச்சம் மச்சம்தானே" என்றார். அப்போது வாசலில் நின்ற, வீதி கூட்டுகிற அம்மா உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னா:

"அந்த முள்ளு எனக்கொரு பாரமே? விடிய நாலரைக்குக் கூட்டேக்க அதையும் சேத்துக் கூட்டி, மஞ்சத்தண்ணி தெளிச்சு விடுவன். கூட்டைக் கலைக்காதேங்கோ, தாய் கத்தும்."

குருக்கள் ஐயாவும் "குஞ்சு பறக்கும் வரை பொறுப்பம்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: கொப்பு வெட்டுவது கும்பாபிஷேகம் முடிந்த பிறகு பேசப்படும். எனக்கு இது முழு வெற்றி இல்லை. அடுத்த வருடமும் அதே சோடி அதே மரத்துக்கு வரக்கூடும், அப்போதும் பேச வேண்டி வரும். பேசுவேன்.

27.04.2025, ஞாயிறு

ஒரு குஞ்சுதான். மண்ணிறம், கூட்டின் விளிம்பில் ஏறி நின்று செட்டை அடிக்கிறது. பொரித்து ஐம்பது நாளுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில் பறக்கும் என்பதால் எப்படியும் வைகாசிக்கு முதல் பறந்துவிடும். பறந்த பிறகும் சில கிழமைக்குத் தாயும் தகப்பனும் ஊட்டும், ஆகவே மரத்தடி அமைதியாக இருக்க வேணும்.

ஒலிபெருக்கிக்காரத் தம்பியோடு கதைத்தேன். இலுப்பையில் கட்ட இருந்த இரண்டு குழாயையும் மடப்பள்ளிப் பக்கத்துக் கம்பத்துக்கு மாற்றுகிறேன் என்றான். மின்குமிழ் மாலையும் அந்த மரத்துக்கு வேண்டாம் என்று தலைவரே அவனிடம் சொல்லியிருக்கிறார்.