செத்த நாஸ் பெட்டியில இருந்து போட்டோவை மீட்டு ராஸ்பெரி பைக்கு மாத்துன கதை

நாஸ் பெட்டி (வீட்ல எல்லாரும் நெட்வொர்க் வழியா ஃபைல் போட்டு எடுக்கற ஹார்ட் டிஸ்க் பெட்டி) செத்தா உள்ள இருக்கற ஹார்ட் டிஸ்கும் காலின்னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க மக்களே. எனக்கு இன்னும் கடுப்பு அடங்கல.

வீட்ல இருந்தது பழைய ஒத்தை டிஸ்க் நாஸ். உள்ள ஏஆர்எம் சிப், அதுமேல கம்பெனிக்காரன் போட்டு அனுப்புன ஏதோ அரதப்பழசான லினக்ஸ், அப்டேட் வர்றது எப்பவோ நின்னுபோச்சு. ஃபைல் பகிர்றதுக்கு எஸ்எம்பி1ங்கற பழைய முறை தவிர வேற எதுவும் அதுக்குத் தெரியாது, 2017 கடைசியில வந்த விண்டோஸ் 10 அப்டேட்ல இருந்தே எஸ்எம்பி1 தானா இன்ஸ்டால் ஆகாதுங்கறதால ஒவ்வொரு புது லேப்டாப்புக்கும் ஒரு மல்லுக்கட்டு. அப்பாவோட அறுபதாம் கல்யாண போட்டோ, பசங்க தவழ்ந்த வீடியோ எல்லாம் அதுலதான். ஒரு நாள் கரண்ட் போய் வந்துச்சு, பெட்டியில லைட்டே எரியல.

சர்வீஸ் சென்டர்ல டோக்கன் போட்டு காலையெல்லாம் உக்கார வெச்சுட்டு "இந்த மாடலுக்கு இனிமே போர்டு வராது சார்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. டேட்டா என்னாகும்னா, "அதுக்கு நாங்க பொறுப்பில்ல சார், பில்லுக்குப் பின்னாடியே போட்டிருக்கும் பாருங்க". சரின்னு டிஸ்கை மட்டும் கழட்டிக்கிட்டு டேட்டா ரெக்கவரி கடைக்குப் போனேன். அந்தத் தம்பி அதை விண்டோஸ்ல மாட்டுனாப்ல, ஃபார்மட் பண்ணணுமான்னு கேட்டுச்சு. லினக்ஸ்ல மாட்டுனாப்ல, சூப்பர்பிளாக் (டிஸ்க்ல ஃபைலெல்லாம் எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்ற பகுதி) சரியில்லன்னு வந்துச்சு. உடனே முகத்தைச் சோகமா வெச்சுக்கிட்டு "டிஸ்க் கரப்ட் சார், கிளீன் ரூம்ல வெச்சு பிரிக்கணும், 18,000 ஆகும், கேரண்டி கிடையாது"ன்னாப்ல. டிஸ்க் அமைதியா சுத்துது, டக் டக்னு ஒரு சத்தம் இல்ல, டிஸ்க் தன்னைப் பத்தியே தர்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ஒரு செக்டர்கூட கெட்டுப்போகல, அப்புறம் எதுக்குய்யா கிளீன் ரூம்? அதெல்லாம் ஹெட்டு, பிளேட்டு அடிவாங்குனா செய்யற வேலை.

வீட்டுக்கு வந்து லினக்ஸ் லேப்டாப்ல மாட்டுனா எனக்கும் அதே சூப்பர்பிளாக் பாட்டுதான். ஆனா டிஸ்கைத் திறக்கற மவுண்ட் கமாண்ட் சொல்ற அந்த எரர் சும்மா பொத்தாம்பொதுவானது, நிஜமான காரணம் டிமெசேஜ்ல (dmesg, லினக்ஸோட மையமான கெர்னல் எழுதற பதிவு) இருக்கும், தயவுசெஞ்சு அதைப் படிங்க. அங்க தெளிவா பிளாக் சைஸ் 65536, ஏத்துக்க முடியாதுன்னு இருந்துச்சு. பிளாக்னா டிஸ்க்ல ஃபைலை வெட்டி வைக்கற துண்டு, பேஜ்னா கெர்னல் மெமரியைப் பிரிச்சுக்கற துண்டு. விஷயம் என்னன்னா அந்த நாஸ் கம்பெனிக்காரன் அவனோட கெர்னலை 64 கேபி பேஜ் சைஸ்ல கம்பைல் பண்ணி, எக்ஸ்ட்4 (லினக்ஸ் டிஸ்க்ல ஃபைலை அடுக்கற முறை) பார்டிஷனையும் 64 கேபி பிளாக்ல போட்டிருக்கான். நம்ம லேப்டாப் கெர்னலோட பேஜ் 4 கேபி. பேஜை விடப் பெரிய பிளாக்கை அந்தக் கெர்னல் மவுண்ட் பண்ணாது, அவ்ளோதான். டிஸ்க் கல்லு மாதிரி நல்லாத்தான் இருக்கு, படிக்கத்தான் ஆளில்ல.

இதுக்கு மருந்து ஃபியூஸ்2எஃப்எஸ் (fuse2fs). டெபியன், உபுண்டு ரெண்டுலயும் அதே பேர்ல பேக்கேஜா கிடைக்கும், கெர்னலை நம்பாம தானே எக்ஸ்ட்4ஐ படிக்கறதால பேஜ் சைஸ் பஞ்சாயத்தே வராது. மறக்காம ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணுங்க. ஃபோல்டர் லிஸ்ட் வந்து நின்னப்போ, மணி ராத்திரி ஒண்ணுன்னு கூடப் பாக்காம சத்தம் போட்டுட்டேன், வீட்டம்மா எழுந்து வந்து திட்டுனாங்க. மெதுவாத்தான் காப்பி ஆகும், ஆகட்டும், 18,000 மிச்சம்.

இனிமே கம்பெனி பெட்டியே வேணாம்னு, கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெரி பை 4 வாங்குனேன். கடையில பை 3 ஸ்டாக் இருக்கு, அதே வேலைதான் செய்யும்னு தள்ளிவிடப் பாத்தாங்க, நாஸுக்கு அது ஆகாது, அதுல யூஎஸ்பி 2 மட்டும்தான், நெட்வொர்க்கும் அதே வழியாத்தான் போகும். பை 4லதான் நிஜமான கிகாபிட்டும் யூஎஸ்பி 3யும். ஓஎஸ் போடறது, ஃபைல் பகிர சம்பா போடறதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

அடுத்த இம்சை அடாப்டர். "3 ஆம்ப் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னு கடைக்காரர் குடுத்தது வெறும் மொபைல் சார்ஜர். பைக்கு 5.1 வோல்ட் வேணும், மெல்லிசு கேபிள்ல லோடு ஏறுனதும் வோல்டேஜ் இறங்கி 4.63க்குக் கீழ போனா அது மூச்சுத் திணற ஆரம்பிச்சிடும். மானிட்டர் இருந்தா மின்னல் படம் வந்து காட்டிக்குடுக்கும், நம்ம நாஸுக்கு ஏது மானிட்டர்? அதனால நெட்வொர்க் வழியா எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் விசிஜென்கமாண்ட்ல கெட்-த்ராட்டில்டு (vcgencmd get_throttled) அடிச்சுப் பாருங்க. கடைசியில 50005னு வந்தா இந்த நிமிஷமே கரண்ட் பத்தல, 50000னா பூட் ஆனதுல இருந்து எப்பவோ குறைஞ்சிருக்கு, வெறும் 0ன்னாதான் நிம்மதி. கொண்டுபோய் மாத்திக் கேட்டா, பேக்கிங் பிரிச்சாச்சுன்னு கையை விரிச்சுட்டார். பைக்குன்னே வர்ற அடாப்டரை முதல்லயே வாங்கிடுங்க. டிஸ்குக்கும் தனி பவர் உள்ள டாக் (டிஸ்கை மாட்டி யூஎஸ்பில இணைக்கற பெட்டி) வேணும், பையோட நாலு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்தே மொத்தம் 1.2 ஆம்ப்தான் தரும், 3.5 இன்ச் டிஸ்குக்கு 12 வோல்ட் வேற வேணும்.

பவர் சரியாகியும் பெரிய காப்பி ஓடும்போது டிஸ்க் திடீர்னு காணாமப் போச்சு. டிமெசேஜ் பூரா யூஏஎஸ் (யூஎஸ்பி டிஸ்கை வேகமா ஓட்டற புது முறை) எரர், யூஎஸ்பி ரீசெட். டாக் உள்ள இருக்கற சிப் யூஏஎஸ் தெரியும்னு சொல்லிக்கும், லோடு குடுத்தா படுத்துக்கும். எல்எஸ்யூஎஸ்பில (lsusb) அதோட ஐடியைப் பாத்து, பை பூட் ஆகும்போது படிக்கற சிஎம்டிலைன் ஃபைல்ல (cmdline.txt) யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்னு அந்த ஐடியைப் போட்டு கடைசியில யூ சேத்தா (usb-storage.quirks=ஐடி:u) பழைய டிரைவருக்கு மாறிடும், வேகம் கொஞ்சம் குறையும், ஆனா அறுந்து விழாது. நெட்ல பாதிப் பேர் இன்னும் பூட் ஃபோல்டர்ல இருக்கற ஃபைலைத்தான் காட்றாங்க, 2023ல வந்த புக்வோர்ம் ஓஎஸ்ல இருந்து அது பூட்டுக்குள்ள ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குப் போயிடுச்சு. எல்லாமே ஒரே வரில இருக்கணும், என்டர் தட்டிடாதீங்க.

வைஃபைல ஓட்டறவங்க கவனத்துக்கு, யூஎஸ்பி 3 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸை அடிச்சுத் தூக்கும். லேன் கேபிள் போடுங்க, முடியலன்னா 5 கிகாஹெர்ட்ஸ்.

கடைசியா ஒண்ணு, பூட் ஆகும்போது எந்த டிஸ்கை மவுண்ட் பண்ணணும்னு சொல்ற எஃப்எஸ்டேப் (fstab) ஃபைல்ல டிஸ்க் வரில நோஃபெயில் (nofail) இருக்கான்னு பாத்துக்கோங்க. இல்லன்னா கரண்ட் போய் வந்து டாக் ஆன் ஆகாத அன்னிக்கு பை ஒன்றரை நிமிஷம் டிஸ்குக்காகக் காத்திருந்துட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போயிடும், நெட்வொர்க்கும் வராது, கீபோர்டு மாட்டுனாலும் ரூட் அக்கவுண்ட் லாக்னு சொல்லி உள்ள விடாது. அதைப் பாக்கறதுக்கே மைக்ரோ ஹெச்டிஎம்ஐ கேபிள் வேணும், அதை எவன் வீட்ல வெச்சிருக்கான்? எஸ்டி கார்டைக் கழட்டி லினக்ஸ் லேப்டாப்ல மாட்டி அந்த ஒரு வார்த்தையைச் சேத்துட்டு திரும்பப் போட்டாப் போதும், எந்திரிச்சு வந்துடும்.