பேரேட்டில் எழுதிய புதன்கிழமைகள்

21 பிப்ரவரி 2024, புதன்

காலைச் செய்தித்தாளில் வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானியின் படம். நேற்று மும்பையில் மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 91. காபி ஆறிப் போகும்வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை ஒருமுறைகூட நான் நேரில் பார்த்ததில்லை. அவர் பேசிய மொழி அன்றும் எனக்குத் தெரியாது, இன்றும் அரைகுறைதான். ஆனாலும் தூத்துக்குடியில் என் பத்து வயதில், வீட்டு ஆட்களின் குரல்களுக்கு அடுத்தபடியாக எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் அவருடையதுதான். எங்கே மூச்சு விடுவார், எங்கே சிரிப்பை அடக்கிக்கொள்வார், எப்போது குரலை உயர்த்துவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இன்று புதன்கிழமை என்பது மதியத்துக்குப் பிறகுதான் உறைத்தது. புதன் இரவு எட்டு மணி என்றால் பினாக்கா கீத்மாலா. கொழும்பிலிருந்து ரேடியோ சிலோன். அந்த வாரத்தின் பதினாறு இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தி, பதினாறாவதில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறி முதல் இடத்துக்கு வருவார்கள். படி என்றுதான் அவரும் சொல்வார், 'பாயதான்' என்று. அக்காவும் நானும் முதலில் கற்ற இந்திச் சொல் அது. இரண்டாவது, 'பெஹனோ அவுர் பாயியோ'. சகோதரிகளே, சகோதரர்களே! பெண்களை முதலில் அழைத்த ஒரே ஆண் குரல் அதுதான் என்று அக்கா அடிக்கடி சொல்வாள். எங்கள் தெருவில் பெண்களைப் பின்கட்டில்தான் கூப்பிடுவார்கள்.

இன்று இரவு எட்டு மணிக்கு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

22 பிப்ரவரி, வியாழன்

இன்று அவருடைய இறுதிச் சடங்கு. தொலைக்காட்சியில் பழைய ஒலித்துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் பாதியிலேயே விளம்பரத்துக்குப் போனார்கள். மனது பொறுக்கவில்லை.

அக்காவின் பேரேடு பரணில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூப்பிட்டு இறக்கச் சொல்ல வேண்டும்.

25 பிப்ரவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது. தகரப் பெட்டியில், அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில்.

அப்பா உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதினார். நின்றுபோன ஒரு பேரேட்டை அக்காவுக்குக் கொடுத்திருந்தார். அட்டை சிவப்புத் துணி. உள்ளே தேதி, விவரம், மூட்டை, ரூபாய், பைசா என்று கோடு போட்ட பத்திகள். விவரம் என்ற பத்தியில் பாட்டின் முதல் வரியை எழுதியிருக்கிறாள். மூட்டை என்ற பத்தியில் படி எண். ரூபாய்ப் பத்தியில் சென்ற வாரம் எந்தப் படியில் இருந்தது என்ற கணக்கு. பைசாப் பத்தியில் ஏறியதா, இறங்கியதா என்பதற்கு ஓர் அம்புக்குறி. அப்பாவின் பெண்தான் அவள், சந்தேகமே இல்லை.

இந்தி வரிகள் எல்லாம் தமிழ் எழுத்தில். இதைத்தான் இன்று மணிக்கணக்கில் பார்த்தேன். நம் எழுத்தில் க ஒன்றுதான், ப ஒன்றுதான். அவளுக்கோ காதில் நான்கு விதமாக விழுந்திருக்கிறது. யாரும் சொல்லித் தராமலே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அழுத்தி ஒலிக்கும் எழுத்துக்கு அடியில் ஒரு கோடு, மூச்சு சேர்ந்து வந்தால் தலையில் ஒரு புள்ளி. முதல் பக்கங்களில் தாறுமாறாக இருக்கும் அந்தக் குறிகள், நாற்பது ஐம்பது பக்கம் போவதற்குள் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. அர்த்தம் தெரியாததால் சொற்களைத் தப்பான இடத்தில் பிரித்திருக்கிறாள்; ஆனால் ஒலி தப்பவில்லை. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

27 ஜனவரி 1965. இந்தப் பக்கம் மட்டும் வித்தியாசமாக இருக்கிறது. தேதி இருக்கிறது. மூட்டைப் பத்தியில் 16 முதல் 1 வரை எண்கள் இருக்கின்றன. விவரம் என்ற பத்தி முழுக்க வெற்று. எண் 1-க்கு எதிரே மட்டும் ஒரு பென்சில் புள்ளி, கை தவறி வைத்ததுபோல. அடுத்த இரண்டு புதன்களுக்குத் தேதியோடு சரி. பிப்ரவரி 17-இல் மறுபடி பாட்டுகள் தொடங்குகின்றன.

அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. ஜனவரி 26 முதல் இந்தி மத்திய அரசின் முதன்மை ஆட்சிமொழியாகும் ஏற்பாட்டை எதிர்த்துத் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்திருந்தார்கள். 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அண்ணன் கல்லூரியில் முதல் வருடம். ஊர்வலத்துக்குப் போனவன் இருட்டிய பிறகும் வரவில்லை. அப்பா வானொலிப் பெட்டிக்கு அம்மா தைத்திருந்த உறையை எடுத்து மூடி, "இனிமேல் இந்த வீட்டில் அது வேண்டாம்" என்றார். அது பயமா, கோபமா என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். அக்கா பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு எண்களை எழுதி முடித்திருந்தாள். அவள் எப்போதும் ஏழரை மணிக்கே எண்களை எழுதி வைத்துவிடுவாள்.

பிப்ரவரி 11 இரவு, பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசுகிறார் என்று உறையை எடுத்தார்கள். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று அவர் உறுதி தந்தார். அதன் பிறகு உறை மறுபடி ஏறவில்லை. அடுத்த புதன், கொழும்பைத் திருப்பி வைத்தது அண்ணன்தான். யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்பா திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

28 பிப்ரவரி, புதன்

பேரனுக்கு ஓர் ஐயம். இந்திப் பாட்டை ஏன் இலங்கையிலிருந்து கேட்டீர்கள் என்கிறான். சரியான கேள்வி.

1952-இல் பி.வி. கேஸ்கர் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு வற்றிப் போயிற்று. கொழும்பில், உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையினருக்காக அமைத்த சக்தி வாய்ந்த ஒலிபரப்பி இருந்தது. அங்கே வர்த்தக ஒலிபரப்பும் நடந்துகொண்டிருந்தது. தடுத்த தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவதுபோல நேயர்கள் அங்கே போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கீத்மாலா தொடங்கியது. பினாக்கா பற்பசையைத் தயாரித்த சிபா நிறுவனம் பணம் கொடுத்தது. பெரிய அறிவிப்பாளர்கள் யாரும் வாரம் 25 ரூபாய்க்கு வர மாட்டார்கள் என்பதால், இருபது வயது நிரம்பாத சயானியிடம் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது கடிதம் வரும் என்று நினைத்திருந்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள். அகில இந்திய வானொலி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 அக்டோபர் ஆகிவிட்டது. அதற்குள் கொழும்பு வீட்டு உறவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் கடைசிவரை பல்பொடிதான். பினாக்கா ஒருமுறைகூட வாங்கவில்லை. பற்பசைப் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பொம்மைகள் வரும் என்று பள்ளியில் ஒருவன் காட்டினான், ஒரு மான். அதைத் தொட்டுப் பார்க்க அவனுக்குப் பாதிக் கடலைமிட்டாய் கொடுத்தேன்.

இன்னொன்றும் பேரனிடம் சொன்னேன். நிகழ்ச்சியை பம்பாயில் நாடாவில் பதிவுசெய்து, விமானத்தில் கொழும்புக்கு அனுப்புவார்கள். கொழும்பிலிருந்து அது சிற்றலையில் கிளம்பி எங்கள் தலைக்கு மேலாகத் தாவி வடக்கே போய் இறங்கும். எங்களுக்கும் கொழும்புக்கும் நடுவே இருப்பது மன்னார் வளைகுடா மட்டும்தான். தமிழ்ச் சேவை மத்திய அலையில் பக்கத்து வீட்டுப் பேச்சுபோலத் தெளிவாக வரும். அதன் அறிவிப்பாளர் மயில்வாகனம் பேசினால் அடுப்படியிலிருந்தே அம்மா பதில் சொல்வாள். இந்திச் சேவையோ வடக்கத்தியர்களுக்கு என்று வீசியது. 25 மீட்டரில் எங்களுக்கு ஒன்றும் சிக்காது. 41 மீட்டரில்தான், அதுவும் அலை மாதிரி ஏறி இறங்கும். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு இடையே கட்டிய ஏரியல் கம்பி கடல் காற்றில் துருப்பிடித்துவிடும். அதை உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது என் வேலை. மர்பி பெட்டியில் வால்வு சூடாக ஒரு நிமிடம் ஆகும் என்பதால் எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே போட்டுவிடுவோம்.

மூன்றாவது படியை அறிவிக்கும்போது அலை இறங்கிவிட்டால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாது. மறுநாள் கேட்க வழியே கிடையாது. மறு ஒலிபரப்பு இல்லை, செய்தித்தாளில் வராது. அந்த இடத்தில் பேரேட்டில் 'அலை' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். நான் எண்ணினேன், மொத்தம் 31 இடங்களில் 'அலை'.

2 மார்ச், சனி

அண்ணன் போய் ஒன்பது வருடமாகிறது. இருந்திருந்தால் இந்த வாரம் பேசித் தீர்த்திருப்பான். பாடகர்களில் அவன் ரஃபி பக்கம். அக்கா முகேஷ் பக்கம்.

வருடக் கடைசியில் அந்த ஆண்டின் மொத்த வரிசை வரும். அந்த இரவுக்கு எங்கள் வீட்டில் தேர்தல் முடிவுக்கு நிகரான பரபரப்பு. 1964-இல் முதலிடம் 'சங்கம்' படப் பாட்டு, முகேஷ். 1965-இல் 'சஹேலி' படத்திலிருந்து, மறுபடி முகேஷ். அண்ணன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். 1966-இல்தான் 'சூரஜ்' படப் பாட்டில் ரஃபி மறுபடி முதலிடத்துக்கு வந்தார், சங்கர்-ஜெய்கிஷன் இசை. அக்கா அந்த வரியை எழுதியதும் பேனாவைப் பிடுங்கி அடியில் இரட்டைக் கோடு போட்டான். அந்தக் கோடு இன்றும் தாளைக் கிழித்தபடி இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் திருப்தி. 'சங்கம்' நாயகியும் வைஜயந்திமாலா, 'சூரஜ்' நாயகியும் வைஜயந்திமாலா. "எப்படியும் திருவல்லிக்கேணிப் பெண் அல்லவா ஜெயித்திருக்கிறாள்" என்பார்.

அந்த வரிசையை எப்படிப் போட்டார்கள் என்பது முக்கியம். முதலில் இந்தியாவெங்கும் இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கைக் கேட்டு வாங்கினார்கள். அதில் ஓர் ஓட்டை. ஒரு பாட்டு மிகவும் பிடித்துப்போய் ஒரே வாரத்தில் தட்டெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டால், அடுத்த வாரம் விற்பனை இல்லாததால் அது கீழே இறங்கிவிடும். பிடித்ததே குற்றமாகிவிடும்! அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் சங்கங்களிடமும் வாராவாரம் பட்டியல் கேட்டார்கள். ஏதோ ஓர் ஊரில் பத்துப் பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, சண்டை போட்டு, ஒரு பட்டியலுக்கு ஒத்துக்கொண்டு, அஞ்சலில் போட்டிருக்கிறார்கள். இப்போதும் கைபேசியில் எண்கள் ஓடுகின்றன, எத்தனை கோடிப் பேர் பார்த்தார்கள் என்று. அந்த எண்ணோடு என்னால் சண்டை போட முடியவில்லை. சண்டை போட அந்தப் பக்கம் யாரும் இல்லை.

27 ஜனவரி 1965 வாரத்தின் வரிசை எங்காவது கிடைக்குமா என்று இரண்டு நாளாகத் தேடுகிறேன். ஆண்டு வரிசைகள் கிடைக்கின்றன. அந்த வாரம் அகப்படவில்லை.

6 மார்ச், புதன்

அக்கா 1969-இல் கல்யாணமாகி நாக்பூர் போனாள். அத்தானுக்கு ரயில்வே வேலை. பேரேடு அந்த வருட வைகாசியோடு நிற்கிறது. முப்பது வருடம் இந்தியிலேயே வாழ்ந்துவிட்டுத் திரும்பினாள். இப்போது திருநெல்வேலியில் மகள் வீட்டில். காது சற்று மந்தம்.

இரவு எட்டு மணிக்கு வேண்டுமென்றே கூப்பிட்டேன். பேரேடு கிடைத்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏரியலை ஒழுங்காகத் தேய்த்தாயா?" என்றாள்.

சில வரிகளை வாசித்துக் காட்டினேன். தான் எங்கே சொற்களைத் தப்பாகப் பிரித்தாள் என்று ஒவ்வொன்றாகத் திருத்தினாள். பிறகு, "திருத்தி எழுதிவிடாதே, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அந்த வெற்றுப் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். எண் 1-க்கு எதிரே ஒரு புள்ளி இருக்கிறது, கை தவறியதா என்று.

"இல்லை தம்பி. அது நான் வைத்ததுதான்."

அன்று இரவு அப்பா திண்ணையில் அண்ணனுக்காகக் காத்திருந்தார். அம்மா பூஜை அறையில். அக்கா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுக அலுவலகத்துக்காரர் வீடு. அவர்களும் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, மிகவும் மெதுவாக வைத்து கொழும்பைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அக்கா சுவரில் காதை வைத்தபோது மற்ற படிகள் எல்லாம் முடிந்து, முதல் படிக்கு வந்துவிட்டது. அந்த ஒரு பாட்டை மட்டும் முழுக்கக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் அண்ணனின் சைக்கிள் சத்தமும் வந்தது. எழுதினால் அப்பா பார்ப்பார், அண்ணன் பார்ப்பான். அதனால் ஒரு புள்ளி.

"எந்தப் பாட்டு அக்கா?"

"அதைத்தான் இந்த ஐம்பத்தொன்பது வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். வரவில்லை. அடுப்பு அப்போதுதான் அணைந்திருந்தது. சுவர் கன்னத்தில் சூடாக இருந்தது, அது மட்டும் அப்படியே இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை பேரேட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி போகிறேன். பென்சிலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள்.