ஒன்பது புள்ளிகள்

நேற்று மாலை முழுவதும் ஒரே ஒரு சாஸரோடு கழிந்தது. கவிழ்த்து, விளக்கடியில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடியில் இங்கிலாந்தின் வூஸ்டர் பீங்கான் ஆலையின் முத்திரை: கிரீடம், அதன் கீழே வட்டம், சுற்றிலும் 'ராயல் வூஸ்டர் இங்கிலாந்து' என்ற எழுத்துகள். வட்டத்துக்குள் இருக்கும் 51 என்ற எண்ணைப் பலர் தயாரித்த ஆண்டு என்று எண்ணிவிடுகிறார்கள். அது வூஸ்டர் ஆலை தொடங்கிய 1751-ஐக் குறிப்பது. உண்மையான ஆண்டு கிரீடத்தின் இருபுறமும் இருக்கும் புள்ளிகளில் ஒளிந்திருக்கிறது. 1892-இல் ஒரு புள்ளி, அடுத்த ஆண்டு இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய் 1915-இல் 24 புள்ளிகளில் நிறுத்தினார்கள்.

எண்ணினேன். ஒன்பது. நம்பிக்கை வராமல் மீண்டும் எண்ணினேன், ஒன்பதேதான். அப்படியானால் 1900!

'இங்கிலாந்து' என்ற சொல்லும் ஒரு சாட்சி. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் இயற்றி, 1891-இல் நடைமுறைப்படுத்தியது. அதன் பிறகே இந்தச் சொல் பரவலானது.

பிரிட்டிஷ் பீங்கானில் வைர வடிவ முத்திரை இருந்தால் மட்டும் நிதானம் தேவை. 1842 முதல் 1883 வரை வழங்கிய அது, வடிவமைப்பைப் பதிவுசெய்த நாளைத்தான் சொல்கிறது. அதே வடிவத்தில் பல ஆண்டுகள் கழித்தும் கோப்பைகள் செய்திருப்பார்கள். இதை அறியாமல் விலை பேசுகிறவர்களைப் பார்த்தால் மனம் பதைக்கிறது.

என் சாஸர் எலும்புச் சாம்பல் ஏறக்குறையப் பாதி கலந்த மண்ணால் ஆனது; அதனால் ஒளியைக் கசியவிடும். விளக்குக்கு நேரே பிடித்தேன். சாஸருக்குப் பின்னால் என் விரல்களின் நிழல் தெளிவாகத் தெரிந்தது.