குளிருக்குச் சாப்பிட்டவள்

மதுரையிலிருந்து மாற்றலாகிக் குன்னூருக்கு வந்தபோது என் எடை 68 கிலோ. மூன்று குளிர்காலம் போனதும் 83. தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கோளாறும் இல்லை. நடுவில் கீழே ஓர் ஆயுர்வேத நிலையத்தில் 21 நாள் பேக்கேஜ். பொடி தேய்த்து, கஷாயம் குடித்து நாலு கிலோ குறைந்தேன். மலையேறி இரண்டே மாதத்தில் ஐந்து கிலோ கூடினேன். அதனால் இங்கேயே ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று அலுவலகத்தில் சொன்னபோது அரைமனதாகத்தான் போனேன்.

நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "நேத்து சாயங்காலம் என்ன சாப்டீங்கம்மா?"

"டீ, நாலு வர்க்கி."

"பசிச்சுதா?"

யோசித்தேன். பசிக்கவில்லை, குளிரடித்தது. மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டால் என் கை தானாக வர்க்கி டப்பாவைத் தேடும். மைதாவும் வனஸ்பதியும் சேர்த்து விறகடுப்பில் சுட்ட பண்டம். நாலு தின்றாலும் தின்ற மாதிரியே இருக்காது.

"குளிருக்குப் போர்வை இருக்குல்ல," என்றார்.

அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது ஒன்று. பருத்த உடம்புக்குப் பழைய ஆயுர்வேத நூலாசிரியர் சரகர் சொல்லும் உணவு, வயிற்றில் கனமாக நிற்க வேண்டும், உடம்பில் சேரக் கூடாது. பட்டினி போட்டால் இப்படிப்பட்டவர்களுக்கு வாயு கூடிப் பசி இன்னும் வெறியாகும் என்றார். அதனால் பார்லி, கொள்ளு, பச்சைப்பயறு, சாமை, வெண்ணெய் எடுத்த மோர். அரை வயிறு சோறு, கால் வயிறு நீர், மீதியைக் காலியாக விட வேண்டும். பகல் தூக்கம் கூடாது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள். திரிபலா சூரணமும் கொடுத்தார். உடம்பில் பொடி தேய்க்கும் உத்வர்த்தனம் பற்றிக் கேட்டதற்கு, "பண்ணலாம், ஆனா அது மட்டும் போதாது" என்று முடித்துவிட்டார். கொதிக்கிற வெந்நீரில் நான் தேன் கலந்து குடித்து வந்ததைச் சொன்னதும் முகம் சுளித்தார். தேனைச் சூடாக்கவும் கூடாது, சூடானதோடு சேர்க்கவும் கூடாதாம். இரண்டு வருடம் குடித்திருக்கிறேன்!

பார்லிக் கஞ்சி எனக்கு இறங்கவே இல்லை. காப்பாற்றியது பக்கத்து வீட்டுப் பாட்டிதான், நீலகிரியின் படகர் இனத்தவர். சாமைச் சோறும் அவரைக் குழம்பும் அவர்கள் வீட்டில் பழைய சாப்பாடு. "இதுக்கு வைத்தியர்கிட்ட போகணுமா?" என்று சிரித்தார்.

கொள்ளில்தான் கோட்டைவிட்டேன். சீக்கிரம் குறையும் என்று காலை ரசம், மதியம் துவையல், இரவு சுண்டல் என இறங்கிவிட்டேன். பத்தாம் நாள் நெஞ்செரிச்சல், வாய்ப்புண். கொள்ளு சூடு, வாரம் மூன்று முறை போதும் என்றுதான் சொல்லியிருந்தார், காதில் வாங்கவில்லை. ஒரு வாரம் மோரும் பச்சைப்பயறும்தான்.

நடையும் லேசில் அமையவில்லை. விடியலில் நடக்கச் சொன்னார். எங்கள் தேயிலைத் தோட்டப் பாதையில் அந்த நேரத்தில் காட்டெருமைகள் நிற்கும். ஆளை மதிக்காது, நாம்தான் திரும்ப வேண்டும். சரி என்று ஏழரைக்கு மேல் வெளிச்சம் வந்த பிறகு நாற்பது நிமிடம், முக்கால்வாசி ஏற்றம்.

முதல் மாதம் ஒரு கிலோதான். முன்பு 21 நாளில் நாலு போனதை நினைத்து எரிச்சலாக வந்தது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேஜையில் தலை சாய்வது நின்றிருந்தது, அதற்காகத்தான் தொடர்ந்தேன். ஆறாம் மாதம் 77. பதினோராம் மாதம் 73.

வர்க்கியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், உண்மையில் பசித்தால் இரண்டு. போன மார்கழியில் மழையும் குளிருமாக நடை நின்று, ஞாயிற்றுக்கிழமை புதன், வெள்ளி என்று பெருகி, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. வைத்தியரிடம் இன்னும் சொல்லவில்லை.