சோடியம் வெளியே, பொட்டாசியம் உள்ளே

தாதியர் பயிற்சியில் என்னை அழவைத்த பாடம் இந்த நீர், உப்புச் சமநிலைதான். இரத்தத்தில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல், பொட்டாசியம் 3.5 முதல் 5 என்று பாடமாக்கினேனே தவிர, ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் லீவில் கிளிநொச்சிக்கு வந்தபோது, சித்திரை வெயிலில் தோட்டத்தில் நின்றுவிட்டு வந்த அம்மப்பா செம்பு செம்பாக வெறும் தண்ணீர் குடித்தும் தலைசுற்றுது என்றாரே, அப்போதுதான் பிடிபட்டது: வியர்வையோடு உப்பும் போயிருக்கு, வெறும் தண்ணீர் கலங்களுக்கு வெளியே இருக்கிற மிச்சச் சோடியத்தையும் ஐதாக்கும், பிறகு தண்ணீர் கலங்களுக்குள் நுழையும், மூளைக் கலங்கள் வீங்கினால் ஆபத்து. அம்மம்மா பேசாமல் உப்புக் கஞ்சியை நீட்டினா. (எந்தப் புத்தகத்தில் படித்தாவோ!)

பெரும்பாலும் கலங்களுக்கு உள்ளே இருக்கிற பொட்டாசியம் மட்டும் இன்னும் பயம்தான். ஐதாக்காமல் நாளத்தில் ஒரேயடியாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாத சிறுநீரக வருத்தக்காரருக்கு, அது நிறைய உள்ள இளநீர் ஏன் கவனம் என்பதும் அதே கதை, வன்னியில் அந்த வருத்தக்காரர் கொஞ்சப் பேரில்லை.